மரக்கறிக் கடைக்காரனைப் பற்றி நாலு நிமிடம்

சண்டைக்கு நடுவே வாளை இறக்கி வைத்துவிட்டுத் தன் சிறுவயதுச் சோகத்தை எதிரிக்குச் சொல்லத் தொடங்கும் வீரர்களை எனக்குப் பிடிக்காது. எதிரியும் வங்கியில் இலக்கம் எடுத்துவிட்டுக் காத்திருப்பவன் போலப் பொறுமையாக நின்று கேட்பான். இயந்திர மனிதர்களின் போரைப் பற்றிய தொடர் ஒன்று அறுபது எபிசோட் ஓடியது. அதில் ஒருவர்கூட ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. பசிக்காதவர்கள் எதற்காக உலகத்தைக் காப்பாற்ற வேண்டும்? முகில்களைத் தைத்துச் சரிசெய்யும் தாயும் மகளும் வரும் படத்தை எல்லோரும் கொண்டாடினார்கள். அழகான படம்தான். ஆனால் அந்தத் தாய்க்கு ஏச்சு மட்டும்தான் கிடைத்தது. திருப்பிப் பேச ஒரு காட்சி இல்லை. பனிக்காலத்தில் ஒரேயொரு பயணியோடு மலைக்கிராமத்துக்குப் போகும் பஸ் நடத்துனரின் கதைக்கு மட்டும் மூன்று தடவை அழுதேன். எங்கள் லக்கலை மலைப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்தக் கதை விளங்கும்.

இவற்றையெல்லாம் கேட்பதற்கு டெலிகிராமில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். சேனலை நடத்துவது நானும் சிவரூபினியும். மாத்தளை டவுனில் ஓர் அச்சகத்தில் பக்கத்துப் பக்கத்துக் கணினிகளில் கல்யாணக் கார்ட் வடிவமைப்பது எங்கள் தொழில். நான் ஒரு ஜப்பானிய அனிமேயைப் பார்த்து முடித்ததும் சூடு ஆறுவதற்குள் வட்ஸ்அப்பில் அவளுக்கு வொய்ஸ் அனுப்புவேன். அவள் அதிலிருக்கும் இருமலையும் பஸ் ஹோர்னையும் வெட்டிவிட்டுச் சேனலில் போடுவாள். எழுதினால் என் அபிப்பிராயம் நல்ல பிள்ளையாகிவிடும். பேசினால்தான் அது நானாக இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எதையும் உருப்படியாகப் பார்க்க முடியவில்லை. ஐந்து நிமிடம் ஒரு தொடர், பிறகு இன்னொன்று. காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

மாப்பிள்ளையின் பெயர் ஷிஹாம். ஊர் உக்குவளை. தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையச் சந்தையில் தன் மாமாவின் மொத்த மரக்கறிக் கடையைப் பொறுப்பாக நடத்துகிறவர். என் உம்மாவின் தங்கை றமீஸா சாச்சிதான் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர். வந்ததிலிருந்து ஷிஹாம் கம்பளத்தைப் பார்த்தபடியே இருந்தார். அவருடைய உம்மா தட்டில் கட்லட் வைத்தார், சாப்பிட்டார். இன்னொன்று வைத்தார், அதையும் சாப்பிட்டார். எங்கள் இருவரையும் ஜன்னல் ஓரத்தில் பத்து நிமிடம் பேச விட்டார்கள். சாச்சி மூன்றடி தள்ளி உட்கார்ந்து போனைப் பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தார்.

“ஃப்ரீயா ஈந்தா என்ன செய்வீங்க?” என்று ஷிஹாம் கேட்டார்.

“அனிமே பாப்பேன்.”

சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. “எனக்கு ஒண்டப் பாக்கச் சொன்னா எதச் சொல்வீங்க?” என்றார்.

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் தாங்கள் பார்த்ததைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் சின்னப் பிள்ளைகள் பார்ப்பது என்பார்கள். நான் பஸ் நடத்துனர் தொடரின் பெயரைச் சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுத் தன் போனில் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். மறுபடி கம்பளம்.

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது எனக்கு.

பதிலை வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு சொல்வதாக ஏற்பாடு. சாச்சி போகும்போது என்னிடம் சொன்னார்: “நீ ஒண்டும் சொல்லத் தேவல்ல மகள். புடிக்காட்டி மட்டும் சொல்லு. சும்மா ஈந்தா நாங்க சரிண்டு எடுத்துக்குவோம்.” எங்களில் அப்படித்தான் வழக்கம். குமரிப் பெண்ணிடம் கேட்பார்கள். அவள் வாயைத் திறக்காவிட்டால் அதுவே சம்மதம். எனக்கும் அது வசதியாக இருந்தது. வெள்ளிக்கிழமை வரை சும்மா இருந்தால் போதும். பேச்சுவார்த்தைக்காக சாச்சி வட்ஸ்அப்பில் ஒரு குரூப்பும் திறந்தார். வாப்பா, உம்மா, சாச்சி, நான், பேச்சை அங்குமிங்கும் கொண்டுபோகும் இத்ரூஸ் மாமா.

சும்மா இருப்பதுதான் முடியவில்லை. மரக்கறிச் சந்தையைப் பற்றி அனிமே ஏதாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன். ஏன் தேடினேன் என்று சிவரூபினியிடம்கூடச் சொல்லவில்லை. ஒன்று இருந்தது. பன்னிரண்டு எபிசோட். மலையடிவாரத்துச் சந்தையில் மரக்கறி விற்கும் ஒருவன். தினமும் காலையில் லீக்ஸ் வாங்க வரும் நூடில்ஸ் கடைக்காரி. அவனுக்கு அவளைப் பிடிக்கும். சொல்லமாட்டான். பதினொரு எபிசோட் வரை சொல்லவில்லை. பன்னிரண்டாவதிலும் முழுதாகச் சொல்லவில்லை. வியாழக்கிழமை பொழுது சாயும்போது, மஃரிப் தொழுகைக்குச் சற்று முன்னால் அதை முடித்தேன். எனக்கு வந்த கோபத்தை அங்கேயே, அறையில் நடந்துகொண்டே போனில் கொட்டினேன்.

“இவன எனக்குப் புடிக்கல்ல. நல்ல மனுசன்தான், இல்லண்டு சொல்லல்ல. மரக்கறி விக்கிறவனுக்கு வாய்க்குள்ளயும் கோவாவா ஈக்கணும்? தலையக் குனிஞ்சா நிமிர மாட்டான். எதையாவது குடுத்தா சாப்பிடுவான். மனசுல ஒண்டு ஈந்தா சொல்லணும். சொல்லாத ஆளோட ஒரு வீட்டுல எப்படிக் குடும்பம் நடத்துற? செவருக்கு மரக்கறி வாங்கிக் குடுத்த மாதிரி ஈக்கும்…”

நாலு நிமிடம் ஏழு செக்கன். அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

என் வட்ஸ்அப்பில் மேலே இருப்பது எப்போதும் சிவரூபினியின் பெயர். நான் பார்க்காமலே அழுத்துவேன். அன்று சற்று முன்னால் இத்ரூஸ் மாமா குரூப்பில் நாளைய ஜும்ஆ நேரத்தைப் போட்டிருந்தார். குரூப் மேலே ஏறியிருந்தது.

திரும்பி வந்து பார்த்தபோது நான்கு பேரும் பார்த்துவிட்ட நீல அடையாளம் விழுந்திருந்தது. பதறி அதை அழித்தேன். அதுதான் நான் செய்த அடுத்த முட்டாள்தனம். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று குரூப்பில் நின்றது. எவ்வளவு துக்கம் இருந்தால் பிள்ளை சொல்லிவிட்டு அழித்திருப்பாள் என்று நினைக்கமாட்டார்களா?

சிவரூபினிக்குப் போன் எடுத்தேன்.

“எனக்கு ஒண்ணுமே வரலையேடி,” என்றாள். நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். “நாலு நிமிசமா? மரக்கறிக் கடைக்காரன்னேவா சொன்ன? ஐயோ, அந்த மனுசன் என்ன பாவம் பண்ணினாரு!”

“சிரிக்காதடி. நாளைக்கு ஜும்ஆ முடிஞ்சா பதில் சொல்றாங்க.”

“அப்ப இன்னைக்கே போய் ஒன்னோட அம்மாகிட்டச் சொல்லு. கார்ட்டூன்னு சொல்லிரு.”

அதற்குள் இத்ரூஸ் மாமா வாப்பாவுக்கு எடுத்துப் பேசிவிட்டார். மாமாவின் மேல் குறை சொல்ல முடியாது. பிள்ளை தன் வாயால் வேண்டாம் என்ற பிறகு அதை மறைத்து வைப்பது பாவம் என்று நினைப்பவர். அழிப்பதற்கு முன்பே வொய்ஸை எடுத்து, ஷிஹாமின் மச்சானுக்கு அனுப்பியிருந்தார். ‘பிள்ளையின் விருப்பம் இது, மனவருத்தம் வேண்டாம்’ என்று கீழே ஒரு வரியும்.

நான் உம்மாவிடம் ஓடினேன்.

“உம்மா, அது அவரில்ல. அது ஒரு அனிமே. ஜப்பான் கதையில வார ஆள்.”

உம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். “இருவத்தஞ்சு வயசுல கார்ட்டூனுக்கா மகள் நாலு நிமிசம் ஏசின?”

“ஓ உம்மா.”

“மரக்கறிக் கடையும் கார்ட்டூன்லயா ஈக்கு?”

“ஈக்கு உம்மா.”

“கட்லட்டும் திண்டானா?”

வாப்பா உள்ளே வந்தார். மிளகு வாங்க இரத்தோட்டைக்குப் போய்வந்த சட்டை இன்னும் உடம்பில் இருந்தது. என் தலையில் கையை வைத்தார். “எங்களுக்காக மாத்திப் பேசத் தேவல்ல மகள். வேணாம்ண்டா வேணாம். வாப்பாக்கு ஒரு கவலையும் இல்ல.” இவ்வளவு அன்பாகச் சொன்னவரிடம் ‘இல்லை, எனக்கு அவர் வேண்டும்’ என்று எப்படிச் சொல்வது? என் குரலை நானூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்கிறார்கள். வாப்பாவிடம் ஒரு வாக்கியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அச்சகத்துக்கு லீவு சொன்னேன். காலையிலேயே சாச்சி வந்துவிட்டார், என்னைச் சமாதானப்படுத்த. நான் உம்மாவையும் அவரையும் பிடித்து டிவியின் முன்னால் உட்காரவைத்தேன்.

“பாருங்க. இவன்தான் நான் சொன்ன ஆள்.”

திரையின் கீழே ஓடிய ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பார்த்து நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். முதல் எபிசோட் முடிவதற்குள் சாச்சி நம்பிவிட்டார்.

“அல்லாஹ்! மெய்தான் தாத்தா, மரக்கறிக் கடை!” என்றார் தன் அக்காவான உம்மாவிடம். பிறகு, “இவ்வளவு பெரிய கண்ண வச்சிக்கிட்டு இவன் ஏன் ஒண்டையும் பாக்காம ஈக்கான்?”

“அதத்தான் நான் ஏசினேன் சாச்சி!”

“நேத்தே இதப் போட்டுக் காட்டி ஈக்கப்படாதா? மாமா அனுப்பிட்டாரே மகள்.”

ஆனால் எழுந்து போகவில்லை. இரண்டாவதையும் போடச் சொன்னார். ஐந்தாவதில் அவன் மழையில் நனைந்து இலை இலையாகப் பிரிந்த கோவாவிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சியில் சாச்சியின் கண் கலங்கியது. “பாவம்டி அந்தப் புள்ள. நீ ஏசினது கூடிப் போச்சு,” என்றார். எனக்குத் தாங்கவில்லை. கோவாவிடம் கேட்கத் தெரிந்தவனுக்கு மனுசியிடம் கேட்கத் தெரியாதா என்று வாதாடினேன். சாச்சி விடவில்லை. உம்மா ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். எட்டாவதில்தான் வாயைத் திறந்தார்.

“அந்தப் புள்ளக்கும் வாய் ஈக்கே. ஒவ்வொரு நாளும் லீக்ஸ் வாங்க வாரா. அவ ஏன் சொல்லல்ல?”

“அது… கதை அப்படி உம்மா.”

“கதைய எழுதினவன விடு. அவன நாலு நிமிசம் ஏசினியே. அவள எத்தன நிமிசம் ஏசின?”

ஒரு செக்கன்கூட இல்லை. அவளைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. டிவியை நிறுத்தினேன்.

வாப்பா ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் முன்னால் போய் நின்றேன்.

“வாப்பா, எனக்கு அவர வேணும்.”

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. சாச்சி முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். வாப்பா தொப்பியை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், பையில் வைத்தார்.

“சரி மகள்,” என்றார். “மாமாக்கு எடுக்கிறேன்.”

இத்ரூஸ் மாமா மாப்பிள்ளை வீட்டுக்கு எடுத்து விளக்கினார். திரும்பி எடுத்தபோது வாப்பா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“கார்ட்டூன்ண்டு சொன்னதும் இன்னும் மோசமாப் போச்சு மச்சான். ‘எங்கட மகன் பேரம் பேசித் திருப்பிப் போடுற கத்தரிக்கா இல்ல’ண்டு அந்தத் தாய் சொல்லிட்டாங்க. மனசு நொந்துட்டு.”

“மகன் என்ன சொல்றாராம்?” என்று வாப்பா கேட்டார்.

“அவர் ஒண்டும் சொல்லல்லயாம்.”

ஒன்றும் சொல்லவில்லை. அந்த வார்த்தை அன்று முழுவதும் என்னைத் துரத்தியது. அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுத்துவிட்டு, எடுத்தேனா இல்லையா என்று சந்தேகப்பட்டு மறுபடி எடுத்தேன். சிவரூபினி ஒரு புதிய படத்தின் இணைப்பை அனுப்பினாள். திறக்கவில்லை. நான் ஏசியது கடைசியில் சரியாகவே போய்விட்டதா? பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதியவர், இப்போது தன் உம்மாவின் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாரா?

உம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “நாளைக்கும் லீவு போடு,” என்றார். “தம்புள்ளைக்குப் போய் போஞ்சி வாங்கிட்டு வருவோம்.”

“மாத்தளையில போஞ்சி இல்லியா உம்மா?”

“ஈக்கு.”

வாப்பாவும் அதைக் கேட்டார். ஏன் என்று கேட்கவில்லை. பஸ்ஸில் கூட்டம் இருக்கும், விடியவே போங்கள் என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு இறங்கினோம். பொருளாதார நிலையத்துக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. லொறி, அதன் பின்னால் லொறி, நடுவில் மூட்டையோடு ஓடும் ஆட்கள். காலுக்கடியில் கோவா இலைகள் வழுக்கின. கடை இலக்கத்தைச் சாச்சி சொல்லியிருந்தார். நெருங்கும் முன்பே யாரோ உரக்கச் சிங்களத்தில் கத்துவது கேட்டது.

கரட் மூட்டைகளின் மேல் ஏறி நின்றவர் ஷிஹாம்.

ஒரு லொறிச் சாரதியோடு விலை பேசிக்கொண்டிருந்தார். பேச்சா அது! ஒரு கையில் கரட்டை உயர்த்திப் பிடித்து, இந்த நிறத்தை உன் கல்யாணப் போட்டோவிலாவது பார்த்தாயா என்று கேட்டார். சாரதி ஏதோ திருப்பிச் சொன்னான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், இவரும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். கம்பளத்தைப் பார்த்திருந்த ஆள் இவர்தானா என்று நான் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது எங்களைக் கண்டுவிட்டார். கை அந்தரத்தில் நின்றது. மூட்டையிலிருந்து இறங்கி வந்தார்.

“மாமி… நீங்க… இங்க…”

“போஞ்சி வாங்க வந்தோம் மகன்,” என்றார் உம்மா.

“எவ்வளவு மாமி?”

“ஒரு கிலோ.”

“இங்க மூட்டையாத்தான் மாமி விக்கிற.”

“அப்ப மூட்டையப் பாத்துட்டு வாரேன்,” என்று உம்மா கடையின் மறுகோடிக்குப் போய்விட்டார். அங்கே இருந்தது போஞ்சியல்ல, பூசணி வட்டக்காய். அதை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்.

ஷிஹாம் நிலத்தைப் பார்த்தார். நான் பொறுக்கவில்லை.

“அந்த வொய்ஸ் உங்களப் பத்தி இல்ல.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“வீட்டுல எல்லாரும் ஒண்டர நிமிசத்துல நிப்பாட்டிட்டாங்க. நான் முழுக்கக் கேட்டேன். மூணாவது நிமிசத்துல கோவாக்கிட்ட மன்னிப்புக் கேக்கிறாண்டு சொன்னீங்க. நான் எந்தக் கோவாக்கிட்டயும் மன்னிப்புக் கேட்டதில்ல.” சிரிக்காமல் சொன்னார். “தேடிப் பாத்தேன். நேத்து மாலைக்குள்ள பன்னிரண்டையும் பாத்து முடிச்சிட்டேன்.”

“தெரிஞ்சா ஏன் வீட்டுல ஒண்டும் சொல்லல்ல?” என்று கேட்டேன்.

“என்ன சொல்ற? அந்த முதல் ஒண்டர நிமிசம் எனக்கும் சரியாத்தானே ஈந்திச்சு. உங்கட வீட்டுல நான் வாயே திறக்கல்ல. குடுத்தத சாப்பிட்டேன். அப்படி ஒரு ஆள் வேணாம்ண்டு நீங்க உங்கட வாயால சொல்றீங்க. கார்ட்டூனுக்குச் சொன்னாலும் அது உங்கட மனசுதானே. பொறகு எந்த முகத்தோட நான் வார?”

காலடியில் கிடந்த கோவா இலையைத் தள்ளினேன். அவரே தொடர்ந்தார்.

“ஆனா நீங்க அவன ஏசினது அநியாயம். ஒன்பதாவதுல காத்துல அவட கடை பறக்கப் போகக்குள்ள வந்து தரப்பாள் கட்டினது யாரு?”

“கட்டினான். நான்தான் கட்டினேண்டு சொன்னா என்ன?”

“கட்டுறவன் சொல்லிக்கிட்டா கட்டுவான்? அவளுக்குத் தெரியும்.”

“தெரியா! பத்தாவதுல அவ தன்ட தம்பிக்கு நன்றி சொல்றா. தம்பிதான் கட்டினாண்டு நெனச்சிட்டு ஈக்கா.”

அவர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்தார். “அத நான் கவனிக்கல்ல,” என்றார். “அப்ப அவன் சொல்லித்தான் ஈக்கணும்.”

“அவளும்தான். அவளப் பத்தி நான் ஒரு சொல்லும் சொல்லல்ல. அது என்ட பிழை.” மூச்சை இழுத்துக்கொண்டேன். “எனக்கு உங்கள வேணும்ண்டு நேத்து வாப்பாக்கிட்டச் சொல்லிட்டேன்.”

பின்னால் ஒரு லொறி பீப் பீப் என்று ரிவர்ஸ் எடுத்தது.

“என்ன?” என்றார், காதைச் சாய்த்து.

“எனக்கு உங்கள வேணும்!”

மூட்டை சுமந்து போன ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். கடைசி மூலையில் உம்மா வட்டக்காயைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். என் முகம் கொதித்தது. ஷிஹாமின் காதுகள் சிவந்துபோயின. கையை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்தார், போனை எடுத்தார், அங்கேயே அழைத்தார்.

“உம்மா, நான்தான். ஒண்டும் இல்ல, கடையில. உம்மா, எனக்கு அந்தப் புள்ளயத்தான் வேணும்.” சந்தையில் விலை கூவும் அதே குரல். இரண்டு கடைக்கு அப்பால் இருந்தவர்களும் கேட்டிருப்பார்கள். “இல்ல உம்மா, நான் கத்தல்ல. ஓ, எல்லாம் தெரியும். தெரிஞ்சிதான் சொல்றேன்… இல்ல, நீங்க அவங்களோட பேசினா விளங்கும். இங்கதான் ஈக்காங்க.”

போனை என்னிடம் நீட்டினார். நொந்துபோன ஒரு தாயிடம் என்ன சொல்வதென்று நான் வரும் வழியில் ஒரு வார்த்தைகூட யோசித்திருக்கவில்லை. வாங்கிக் காதில் வைத்தேன்.

“அஸ்ஸலாமு அலைக்கும் மாமி.”

ஸலாமுக்குப் பதில் வந்தது. அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தை நிலத்தில் வைக்கும் ஓசை மட்டும் கேட்டது.

“மாமி, உங்களுக்கு நோகுற மாதிரி நடந்திட்டு. முதல்ல இருந்து முழுக்கச் சொல்றேன், வச்சிராம கேளுங்க,” என்று ஆரம்பித்தேன்.